இன்மை அறிக்கையின் அபாயம்

பெண்கள் மீதான வன்முறையில் தமிழகம் இன்று அஞ்ச வேண்டியது புகார்களின் பெருக்கத்துக்கு அல்ல, புகார்களின் இன்மைக்கு. பணியிடங்களும் கல்வி நிறுவனங்களும் தங்களிடம் வந்த பாலியல் துன்புறுத்தல் புகார்கள் குறித்து ஆண்டுதோறும் மாவட்ட அளவிலான அலுவலருக்கு அறிக்கை தரக் கடமைப்பட்டவை. அதில் ‘புகார் ஏதும் பெறப்படவில்லை’ என்று எழுதி அனுப்பினால், அதை அலுவலக வழக்கில் இன்மை அறிக்கை என்கிறோம். அந்தத் தாள் கோப்பில் சேர்ந்ததும் கடமை முடிந்ததாகக் கருதப்படுகிறது. இது தவறான கணிப்பு. புகார் இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல.

இரண்டு அரசு ஆவணங்களை அருகருகே வைத்தால் இது விளங்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, பெண்களுக்கு எதிரான குற்றங்கள் தொடர்பாக நாடு முழுவதும் 4,45,256 வழக்குகள் பதிவாயின. ஒரு லட்சம் பெண்களுக்கு 66.4 வழக்குகள் என்பது தேசிய விகிதம். தமிழ்நாட்டில் அது 24 மட்டுமே. ஆனால் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, வீடுகளுக்குச் சென்று பெண்களைத் தனியே சந்தித்துக் கேட்டது. 18 முதல் 49 வயது வரையிலான, மணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஒருமுறையேனும் ஆளானவர்கள் நாட்டளவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். காவல் நிலையப் பதிவேட்டில் தேசிய சராசரிக்கு வெகு கீழே நிற்கும் மாநிலம், வீட்டு வாசலில் கேட்டபோது சராசரிக்கு மேலே நிற்கிறது. இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது, நடந்தும் சொல்லப்படாத வன்முறை.

அதே ஆய்வு மற்றொன்றையும் சொல்கிறது. உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. 77 சதவீதத்தினர் உதவி கேட்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. தாயிடம்கூடச் சொல்லாத ஒன்றைக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் தருவார்கள் என்று எதிர்பார்க்கும் நிர்வாகம், புகார் வரவில்லை என்று ஆறுதல் கொள்ள உரிமை உடையதல்ல.

தஞ்சை மாவட்டம் இதற்கு விலக்கு அல்ல. 2024 நவம்பர் 20 அன்று மல்லிப்பட்டினத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் பள்ளி வளாகத்துக்குள்ளேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். திருமண விருப்பத்தை ஏற்க மறுத்ததே காரணம் என்று காவல் துறை தெரிவித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், சாதி மறுத்துத் திருமணம் செய்த இளம்பெண் ஒருவர் சொந்தக் குடும்பத்தினராலேயே கொல்லப்பட்டதாக இதே மாவட்டத்தில் வழக்குப் பதிவானது. முதல் நிகழ்வு பொதுவெளியில் நடந்தது. மற்றது உறவுக்குள் நடந்தது. இரண்டிலும் தண்டிக்கப்பட்டது, ஒரு பெண் தன் வாழ்வைத் தானே முடிவு செய்தது. காவிரி டெல்டாவில் இது நடக்காது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கொலை திடீரென நிகழ்வதில்லை. பின்தொடர்தல், கைப்பேசியில் ஓயாத தொல்லை, படத்தைத் திரித்து வெளியிடுவேன் என்ற மிரட்டல், வழிமறித்தல் என்று அதற்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. பின்தொடர்தலைக் குற்றமாகக் குற்றவியல் சட்டத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அறிவித்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் இந்தப் படிகளில் உள்ள எதையும் குற்றமாகப் பார்க்கும் பழக்கம் ஊரிலும் இல்லை, வளாகத்திலும் இல்லை. ‘பையன் விரும்புறான்’ என்ற இரண்டு சொற்களில் அது முடிக்கப்படுகிறது. நம் திரைப்படங்கள் பல தலைமுறைகளாக இதைக் காதல் என்றே கற்றுத் தந்திருக்கின்றன. தடுக்க வேண்டிய இடம் இந்தப் படிகளே. இறுதிப் படியில் தடுப்பு இல்லை, விசாரணை மட்டுமே இருக்கிறது.

சொல்லத் துணிபவருக்கு என்ன நேர்கிறது என்பதை மாணவிகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2024 டிசம்பர் 23 இரவு சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் துணிந்து புகார் தந்தார். அவரது அடையாளத்தைக் கொண்ட முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில், 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு விரைவாக வந்தது, வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு பெண்ணின் பெயர் கைப்பேசிகளில் பரவியதைப் பார்த்த பிறகு, எத்தனை பேர் புகார் எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இருக்காது.

தஞ்சை மாவட்டத்தின் திருவையாறு போன்ற ஊரில் மௌனத்தின் விலை வேறு விதமாகத் தீர்மானிக்கப்படுகிறது. கண்டியூர், திருப்பழனம், தில்லைஸ்தானம், நடுக்காவேரி எனச் சுற்றுக் கிராமங்களிலிருந்து நகரப் பேருந்தில் வரும் மாணவிகளில் பலர், தங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். பேருந்து நெரிசலில் ஒருவன் செய்ததை, ஆய்வகத்தில் ஒருவர் சொன்னதை வீட்டில் சொன்னால் வரும் பதில் அவளுக்கு முன்பே தெரியும்: ‘படிச்சது போதும்.’ அடுத்த வாரத்தில் வரன் பார்க்கும் பேச்சு தொடங்கும். தவறு செய்தவன் அதே பேருந்தில் மறுநாளும் பயணிப்பான். சொன்னதற்கான தண்டனை சொன்னவளுக்கே என்பதை அறிந்தவள் வாய் திறப்பதில்லை. இது அச்சம் மட்டுமல்ல. கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

அரசு இந்த மாணவியைக் கல்லூரிக்குக் கொண்டுவரப் பெரும் பொருள் செலவிடுகிறது. பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு, 2022 செப்டம்பர் 5 முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அந்தத் திட்டம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. பழைய தஞ்சை மாவட்டத்தின் மண்ணில் வளர்ந்து, தேவதாசி முறைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடிய பெண் அவர். அந்த முறையை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அவரைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. அவர் பெயரால் கொடுக்கப்படும் பணத்தைக் கொண்டு கல்லூரிக்கு வருபவள், அங்கே சொல்ல இடமின்றித் திரும்பிப் போனால் அந்தச் செலவுக்குப் பொருள் இல்லை.

சொல்ல இடம் சட்டத்தில் இருக்கிறது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான கிராமப் பணியாளர் பன்வாரி தேவியின் வழக்கிலிருந்து பிறந்தது 1997ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பு. அதிலிருந்து வந்தது பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. கல்வி நிறுவனங்களுக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு தனி ஒழுங்குமுறை வகுத்து, 2016 மே மாதம் அறிவிக்கை செய்தது. கல்லூரிதோறும் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். மூத்த பேராசிரியை தலைவர்; உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள்; வெளி அமைப்பிலிருந்து ஒருவர். மாணவர் தொடர்பான புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவப் பிரதிநிதிகள் வேண்டும். அவர்கள் நியமிக்கப்படக் கூடாது, வெளிப்படையான தேர்தலில் வர வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற உயர்நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் குழுவில் இருக்கக் கூடாது.

இந்த நிபந்தனைகள் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. புகார் பெரும்பாலும் அதிகாரம் குறைந்தவரிடமிருந்து அதிகாரம் மிகுந்தவருக்கு எதிராக வருகிறது. அகமதிப்பெண் போடுபவர், ஆய்வேட்டில் கையெழுத்திடுபவர், விடுதி அனுமதி தருபவர் மீதான புகாரை அவருடன் தினமும் தேநீர் அருந்துபவர்களே விசாரித்தால் நியாயம் நடப்பது அரிது. வெளி உறுப்பினரும் மாணவப் பிரதிநிதியும் அந்த நெருக்கத்தை உடைக்கவே வைக்கப்பட்டார்கள். தேர்தல் நடத்தாமல் வகுப்புத் தலைவிகளின் பெயரைச் சேர்ப்பதும், கூட்டத்துக்கே வராத ஒருவரை வெளி உறுப்பினர் என்று எழுதிக்கொள்வதும் சட்டத்தை ஏட்டில் மட்டும் நிறைவேற்றும் வேலை. எந்த ஒரு நிறுவனத்தையும் சுட்டிச் சொல்வது இங்கு நோக்கம் அல்ல. விதி எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றே. அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் ஒன்றே.

ஒரு குழு உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய ஆய்வுக் குழு எதுவும் தேவையில்லை. வாசலருகே அறிவிப்புப் பலகையில் உறுப்பினர் பெயரும் தொலைபேசி எண்ணும் தமிழில் இருக்கின்றனவா, அந்த எண்ணை அழைத்தால் யாரேனும் எடுக்கிறார்களா, முதலாண்டு மாணவி ஒருத்தியால் குழுத் தலைவர் யார் என்று சொல்ல முடிகிறதா என்று பார்த்தால் போதும். பலகை முதல்வர் அறைக்குள் இருந்தாலும், உறுப்பினர்களில் ஒருவர் ஓய்வுபெற்று ஆண்டுகள் கழிந்திருந்தாலும், அங்கே குழு இல்லை. குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மானியத்தை நிறுத்தவும் மானியக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. இந்த அதிகாரங்கள் பயன்படுத்தப்பட்டதாகக் கேள்விப்படுவது அரிது.

பாதுகாப்பு என்ற பெயரில் பல நிர்வாகங்கள் எளிய வழியைப் பிடிக்கின்றன. பெண்கள் விடுதியின் கதவு முன்னதாகப் பூட்டப்படுகிறது, உடைக்கு விதி எழுதப்படுகிறது, கைப்பேசி பறிக்கப்படுகிறது, ஆண்களும் பெண்களும் பேசுவது கண்காணிக்கப்படுகிறது. மானியக் குழுவின் ஒழுங்குமுறை இதைத் தெளிவாக மறுக்கிறது. மாணவியரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் திணிக்கக் கூடாது என்று அது கூறுகிறது. பூட்டிய விடுதி எதையும் தடுப்பதில்லை. தாமதமாக வந்ததற்காகத் தண்டிக்கப்படுவோம் என்று அஞ்சும் மாணவி, தாமதமான வழியில் தனக்கு நேர்ந்ததைச் சொல்லவே மாட்டாள். கெடுபிடி கூடும்போது மௌனமும் கூடுகிறது.

இசைக்குப் பேர்போன திருவையாறு மற்றோர் ஆபத்தையும் கருத வேண்டும். இசையும் நடனமும் குருவின் வீட்டில், குருவின் விருப்பத்தைப் பொறுத்துக் கற்கப்படுகின்றன. மேடை கிடைப்பதும் கிடைக்காததும் ஒருவரின் சொல்லில் இருக்கிறது. 2018 இறுதியில் கர்நாடக இசை உலகின் பெண்கள் பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பொதுவெளியில் பேசத் தொடங்கியபோது, பல ஆண்டுகள் அடக்கி வைத்தவை வெளிவந்தன. சென்னையின் முதன்மையான சபை ஒன்று அந்த டிசம்பர் சீசனில் புகாருக்கு உள்ளான சில கலைஞர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. வீட்டில் நடக்கும் வகுப்புக்குப் புகார்க் குழு கிடையாது. அதற்கான பொறுப்பு மேடை தருபவர்களிடமும் விழா நடத்துபவர்களிடமும் இருக்கிறது.

மரபு என்ற சொல்லுக்கு முன்னால் தயங்கி நிற்க இவ்வூருக்குக் காரணம் இல்லை. காவிரிக் கரையில் தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பி, 1920களில் குடமுழுக்கு நடத்தியவர் பெங்களூர் நாகரத்தினம்மா. தேவதாசி மரபில் பிறந்த அவரது பொருளில் எழுந்த கோயிலின் முன்னால், தியாகராஜர் நினைவாக நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அதையும் அன்று மரபு என்றார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். பிரிந்து நின்ற தரப்புகள் 1940களின் தொடக்கத்தில் ஒன்றுசேர்ந்தபோது பெண்களுக்கும் இடம் கிடைத்தது. இன்று அந்த மேடையில் பெண்கள் பாடுவதை யாரும் வியப்பதில்லை. மாற்றம் வந்தது விழாக் குழுவினரின் பெருந்தன்மையால் அல்ல. ஒரு பெண் விடாமல் கேட்டதால்.

விழாக் கூட்டம் பற்றியும் சட்டம் பேசுகிறது; அதை அறிந்தவர்கள் குறைவு. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் கேலிக்கும் துரத்தலுக்கும் ஆளாகி உயிரிழந்த பிறகு, தமிழ்நாடு பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. கல்வி நிலையம், கோயில், பேருந்து நிறுத்தம், திருவிழா நடக்கும் இடம் ஆகியவற்றின் பொறுப்பாளர் துன்புறுத்தலைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், புகார் வந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஓடும் பேருந்தில் பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தை மாத ஆராதனையிலும், ஏழூர்ப் பல்லக்குத் திருவிழாவிலும், ஆடி அமாவாசையில் புஷ்ய மண்டபப் படித்துறையிலும் திரளும் கூட்டத்துக்கு இச்சட்டம் பொருந்தும். படித்துறையில் உடை மாற்றும் பெண்ணைக் கைப்பேசியில் படம் பிடிப்பது விளையாட்டு அல்ல, தண்டனைக்குரிய குற்றம். இதை ஒலிபெருக்கியில் சொல்ல ஆகும் செலவு எதுவும் இல்லை.

கல்லூரிக்கு வெளியே நிலை இன்னும் மோசம். இந்தப் பகுதியில் பணியிடம் என்றால் பெரும்பாலான பெண்களுக்கு வயல்தான். குறுவை, சம்பா நடவில் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து, விடியுமுன் லோடு ஆட்டோவில் நின்றபடி பக்கத்து ஊர்களுக்குப் போகிறார்கள். சுமை ஏற்றும் வண்டியில் ஆளேற்றுவதே சட்டமீறல். அதைக் கடந்துதான் அவர்களது வேலைநாள் தொடங்குகிறது. ஒதுங்க மறைவிடம் இல்லை. வயலோரத்தில் மோட்டார் கொட்டகை ஒன்று இருக்கும்; அதன் சாவி ஒருவர் கையில் இருக்கும். ஆள் சேர்ப்பவரும் நிலத்துக்காரரும் கூலியைத் தீர்மானிக்கிறார்கள். நடவு இயந்திரம் வந்த பிறகு வேலைநாட்கள் சுருங்கிவிட்டன. முறைகேடாகப் பேசியவரைக் கண்டித்த பெண்ணை மறுநாள் கூட்டுக்கு அழைக்காமல் விட்டால் போதும். அவள் வீட்டில் அந்த வார வரவு நின்றுவிடும். கூலிக்குப் போகும் பெண் தலித்தாகவும் நிலம் வேறு சாதியின் கையிலும் இருக்கும்போது, புகார் சாதி மோதலாகத் திரிக்கப்பட்டு, பழி முழுவதும் அவள் தெருவின் மீது விழுகிறது.

இந்தப் பெண்களுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்திலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். பெண்கள் மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டாம் என்பதற்காக, ஒவ்வொரு வட்டத்திலும் ஒன்றியத்திலும் புகாரைப் பெற ஒரு பொறுப்பு அலுவலர் நியமிக்கப்பட வேண்டும். அவர் ஏழு நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாடுகள் பல மாநிலங்களில் முழுமையாகவில்லை என்பதால்தான் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 3 அன்று காலக்கெடு விதித்து உத்தரவிட்டது. உள்ளூர்ப் புகார்க் குழுக்களை 2025 ஜனவரி 31க்குள் அமைக்கச் சொன்னது. கெடு கடந்துவிட்டது. திருவையாறு வட்டத்தில் நடவுக்குப் போகும் ஒரு பெண், புகாரை யாரிடம் தருவது என்ற கேள்விக்குக் கிராம நிர்வாக அலுவலகத்துச் சுவரில் விடை இருக்க வேண்டும். ரேஷன் கடைச் சுவரிலும் இருக்க வேண்டும்.

அந்த விடை இல்லாத இடத்தைக் கட்டைப் பஞ்சாயத்து நிரப்புகிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, அபராதம் விதித்து, காலில் விழச் செய்து, சில வேளைகளில் கெடுத்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைத்து முடிக்கிறார்கள். பணத்தைப் பெற்றுக்கொண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்திடும் தந்தைக்கு வேறு வழி தெரியவில்லை. இத்தகைய பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். பாலியல் வன்கொடுமை போன்ற கடுங்குற்றங்களில் முதல் தகவல் அறிக்கையைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. காவல் நிலையத்திலேயே ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்புவதும், பாதுகாப்புக் கேட்டு வந்த பெண்ணை அவள் அஞ்சி ஓடிவந்த வீட்டிடமே ஒப்படைப்பதும் சமரசம் அல்ல, கடமை தவறுதல்.

அளக்காத ஒன்றைத் தடுக்க முடியாது. இந்த ஊரின் கல்லூரிகளிலும் கிராமங்களிலும் என்ன நடக்கிறது என்பதை அறிய முறையான ஆய்வு தேவை. அதை விவரம் தெரியாமல் நடத்தினால் தீங்கே விளையும். உலக சுகாதார அமைப்பு 2001இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு வழிகாட்டும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்க வேண்டும். மாமியாரோ கணவரோ அருகில் இருக்கும்போது கேட்கக் கூடாது. யாரேனும் உள்ளே வந்தால் பேச்சைக் குழந்தை உடல்நலம் போன்ற வேறொன்றுக்கு மாற்ற வேண்டும். பதில் சொன்னவர் உதவி கேட்டால் உடனே காட்ட ஒரு வழி கையில் இருக்க வேண்டும். ‘உங்களுக்கு வன்முறை நடந்ததா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். அறைந்தாரா, தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, விருப்பமின்றித் தொட்டாரா என்று செயலைச் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வரும். குடும்பநல ஆய்வு அப்படித்தான் கேட்டது.

கல்லூரிகளில் பெயர் கேட்காத ஆய்வை ஆண்டுதோறும் நடத்தலாம். சமூகப் பணியும் பொருளியலும் கற்பிக்கும் துறைகள் டெல்டாவில் இருக்கின்றன. பேருந்து நிறுத்தத்திலிருந்து வாய்க்கால் கரை வழியாக வீடு செல்லும் பாதையில் எங்கே விளக்கு இல்லை, எந்த இடத்தில் யார் கூடி நிற்கிறார்கள், மதுக்கடை எங்கே இருக்கிறது என்பதை மாணவிகளே வரைபடமாக்க முடியும். அதைப் பார்த்து விளக்குப் போடுவது உள்ளாட்சியின் வேலை. கடைசிப் பேருந்தின் நேரத்தை மாற்றுவது போக்குவரத்து நிர்வாகத்தின் வேலை. ஆய்வு முடிவை அலமாரியில் பூட்டினால் அந்த மாணவிகள் மறுமுறை பேச மாட்டார்கள்.

எது பலன் தரும் என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை உள்ளடக்கி நடந்த பரிசோதனை ஒன்றின் முடிவு 2022இல் வெளியானது. தனியிடமும் பயிற்சி பெற்ற காவலரும் கொண்ட பெண்கள் உதவி மேசை அமைக்கப்பட்ட நிலையங்களில், பெண்களின் புகார்கள் கூடுதலாகப் பதிவாயின. மேசையில் பெண் காவலர் இருந்தபோது முதல் தகவல் அறிக்கைகளும் கூடின. அங்கே குற்றம் பெருகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. நம்பிக்கை பெருகியது என்று பொருள். நம் அதிகாரிகள் இதைப் படிக்க வேண்டும். புகார் எண்ணிக்கை உயர்ந்த கல்லூரி முதல்வரிடமும் காவல் ஆய்வாளரிடமும் விளக்கம் கேட்கும் வழக்கம் உள்ளவரை, எண்ணிக்கையைக் குறைக்கும் வழிகளையே அவர்கள் தேடுவார்கள்.

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் 2007 முதல் 2012 வரை எட்டுக் குடியிருப்புப் பகுதிகளில் மற்றொரு முயற்சி நடந்தது. அங்கே வெளியாள் யாரும் வந்து உரையாற்றவில்லை. அந்தப் பகுதியின் ஆண்களும் பெண்களுமே பயிற்சி பெற்று, அக்கம்பக்கத்தாருடன் அதிகாரம் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். பேச்சு நடந்த பகுதிகளில் துணைவரின் உடல்ரீதியான வன்முறை, நடக்காத பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத கிராமம் இங்கே இல்லை. இளைஞர் மன்றம் இல்லாத தெருவும் குறைவு. ஆனால் பெண்கள் தினத்தன்று பெண்களை அமரவைத்து, எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி அனுப்புவதே இங்கு விழிப்புணர்வு எனப்படுகிறது. அமர வேண்டியவர்கள் ஆண்கள். அரை மணி நேர உரையில் அவர்கள் மாறப்போவதும் இல்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயும் முன்மாதிரி உண்டு. டெல்டாவில் வேலை சுருங்கியதால் இளம்பெண்கள் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்கும் ஆடை ஆலைகளுக்கும் போகிறார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த தலித் பெண் கொல்லப்பட்டார். அவரது மேற்பார்வையாளர் கைதானார். தொழிலாளர் சங்கத்தின் விடாமுயற்சியால் 2022 ஏப்ரலில் உருவானது திண்டுக்கல் ஒப்பந்தம். உடன் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்குவது தடுக்கப்பட்டது. மீறினால் வெளிநாட்டு வணிகமே கைவிட்டுப் போகும் என்ற பிணை அதில் இருந்தது. புகாரைப் புறக்கணிப்பதற்கு நிறுவனம் விலை தர வேண்டியிருந்தால், புகார் கேட்கப்படும்.

பொறுப்பு யாருக்கு என்பதில் குழப்பம் இல்லை. கல்லூரிக் குழுக்களைச் சரிபார்க்க வேண்டியது உயர்கல்வித் துறை. உள்ளூர்க் குழுவையும் வட்டப் பொறுப்பு அலுவலரையும் அறிவிக்க வேண்டியது மாவட்ட நிர்வாகம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலருக்கு வாகனமும் உதவியாளரும் தர வேண்டியது சமூகநலத் துறை. மாவட்டம் முழுமைக்கும் ஓரிருவரை வைத்துக்கொண்டு அச்சட்டத்தை நடத்த முடியாது. புகாரைப் பதிய வேண்டியதும், பெயரைக் காக்க வேண்டியதும் காவல் துறை. கல்லணையில் எந்த ஆற்றில் எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்பதை நாள்தோறும் வெளியிடும் நிர்வாகத்துக்கு, ஒரு வட்டத்தில் எத்தனை குழுக்கள் உள்ளன, அவை எத்தனை முறை கூடின, எத்தனை புகார்கள் 90 நாட்களைக் கடந்தும் முடியாமல் இருக்கின்றன என்பதை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுவது கடினம் அல்ல. பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. புகார் தரும் மாணவியின் படிப்பு நிற்காது என்ற உறுதியை ஒவ்வொரு கல்லூரியும் எழுத்தில் தர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விசாரணை முடியும் வரை, புகாருக்கு உள்ளானவர் அந்த மாணவியின் கல்விப் பணி எதையும் மேற்பார்வையிடாமல் தடுக்க விதி இடம் தருகிறது. மூன்று மாதம் வரை விடுப்பும் உண்டு. வருகைப் பதிவு குறைந்ததைக் காரணம் காட்டித் தேர்வு மறுக்கப்படாது, உதவித்தொகை நிற்காது, விடுதி அறை பறிக்கப்படாது, அவள் கேட்டாலன்றி வீட்டுக்குத் தகவல் போகாது என்று சேர்க்கைப் படிவத்துடன் ஒரு தாளாக, தமிழில், முதல்வரின் கையெழுத்துடன் அது தரப்பட வேண்டும். வரும் கல்வியாண்டின் சேர்க்கை தொடங்கும்முன் உயர்கல்வித் துறை இதற்கான உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும்.